பச்சைக் கார் சுற்றிக்கொண்டிருந்த வருடம்

ஆடி மாதத்தில், காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போகிற ஒரு முற்பகலில், ரன்வே ஓரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள்தான் அதை முதலில் பார்த்தோம். நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் கிழக்கு வளைவுக்குள் போய் வெளியே வராமலே இருந்துவிட்ட ஜெகதீசனின் பச்சைக் கார், என்னவோ இப்போதுதான் உள்ளே நுழைந்தது மாதிரி, வளைவிலிருந்து வெளியே வந்து, நெடுக ஓடி, எங்கள் சேலைகளை எல்லாம் ஒரு தட்டுத் தட்டிப் பறக்கவிட்டு, மேற்கே போய்த் திரும்பி, மறுபடியும் கிழக்கு வளைவுக்குள் நுழைந்து, மறுபடியும் வெளியே வந்தது. "ஆரோ கார் பழகறாங்களாட்டம் இருக்குது" என்றாள் பக்கத்து வீட்டு சரசு. நான் குழந்தையின் துணிகளை எடுத்து ரெண்டடி உள்ளே தள்ளிக் காயப்போட்டேன். அப்புறம் அவரவர் வேலையைப் பார்த்தோம்.

வெள்ளைக்கரட்டுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் இத்தனூண்டு ஊருக்கு இத்தனை அகல ரோடு எதற்கு என்று கேட்பார்கள். அது ரோடு இல்லை, வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் விமானம் இறக்கப் போட்ட ரன்வே. அவன் போன பிறகு அதற்கு ரெண்டு முனையிலும் வளைவு சேர்த்து, பொங்கல் கழிந்த ஞாயிறுகளில் கார்ப் பந்தயம் விட்டார்கள். கோயமுத்தூர் லேத் பட்டறைக்காரர்கள் தாங்களே தட்டிக் கட்டிய கார்களோடு வருவார்கள். ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் நடுவில் 'மில் சைரன்ஸ்' என்கிற குழு லாரி மேல் ஏறி நின்றுகொண்டு இங்கிலீஷ் ராக் பாட்டு வாசிக்கும். அர்த்தம் பாடுகிறவர்களுக்கும் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது, ஆனால் கூட்டம் புழுதி கிளம்ப ஆடும். அப்படி ஒரு பந்தயத்தின் கடைசிச் சுற்றில்தான், முன்னால் போய்க்கொண்டிருந்த ஜெகதீசன் கிழக்கு வளைவுக்குள் போனான். பின்னால் வந்த ஆல்பர்ட்டின் கறுப்புக் கார் மட்டும் வெளியே வந்து, கொடி வாங்கி, மாலை வாங்கிக்கொண்டது. ஜெகதீசனைத் தேடிப் போனவர்கள் பார்த்தபோது வேலியில் ஒரு முள்கூட ஒடிந்திருக்கவில்லை, தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. அதற்கப்புறம் பந்தயமும் நின்றுபோயிற்று.

நிற்காமல் நடந்தது பேச்சுதான். என் மாமனார் அவிநாசியப்பன் அன்றைக்குக் கொடி ஆட்டியவர். பொங்கியண்ணன் ஜெகதீசனுக்கு டயர் மாற்றியவர். சேவியர், சைரன்ஸில் கிடார் வாசித்தவர், ஆல்பர்ட் கட்சி. மூன்று பேருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. ஜெகதீசனின் தங்கை சுலோச்சனாம்மா நடத்துகிற மாவு மில்லுக்கு முன்னால் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து, சேவியரின் டேப்பில் பழைய பாட்டை ஓடவிட்டு, தினமும் சாயங்காலம் அதே பந்தயத்தை ஓட்டி, தினமும் அதே வளைவில் முட்டிக்கொண்டு, "உன்ற ஆளு வேணும்னே இடிச்சான்", "உன்ற ஆளுக்குத்தான் பிரேக்கு புடிக்கத் தெரியல" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள். மறுநாள் எதுவுமே நடக்காதது மாதிரி வந்து உட்காருவார்கள். 

பச்சைக் கார் வந்திருப்பதை நான் போய்ச் சொன்னதும் மாமா செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். மற்ற ரெண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள்.

"என்றா பொங்கி, அவந்தானா?"

"சத்தத்தக் கேளுடா. அந்த சைலன்சருக்கு நான்தான் வெல்டு வெச்சேன். இன்னும் உடாம நிக்குது பாரு" என்றார் பொங்கியண்ணன்.

சேவியர் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஆல்பர்ட் மாலை வாங்கி, அந்த மாலை காஞ்சு, ஆல்பர்ட்டே கர்த்தருகிட்ட போயாச்சு. இவன் இப்பத்தான் வர்றான். லேட்டுடா பொங்கி, ரொம்ப லேட்டு."

முழங்கை வரைக்கும் மிளகாய்த்தூளோடு சுலோச்சனாம்மா வந்தார். கார் மூன்று தடவை கடந்து போயிற்று. அன்றைக்குக் கார் காணாமல் போகும்போது அவர் இருபது வயசுப் பெண், அண்ணனுக்கு இருபத்தாறு. இப்போது இவருக்கு அறுபத்தைந்து, அவனுக்கு அதே இருபத்தாறு, அதே கிருதா. நாலாவது தடவை அவர் சொன்னார்: "இளைச்சுப் போயிட்டான்."

அதற்கப்புறம் ஊர் அதற்கேற்ற மாதிரி நடந்துகொள்ளப் பழகியது. போலீஸ் வந்து, காருக்கு நம்பர் பிளேட் இல்லை என்று எழுதிக்கொண்டு, யாரிடம் அபராதம் வாங்குவது என்று தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போனது. டவுன் பஸ் டிரைவர் ரன்வேயைக் குறுக்கே கடப்பதற்கு முன்னால் ஒரு சுற்று நின்று, ஜெகதீசன் போனதும் எடுப்பார். அதைக் குறை சொன்ன பயணிகள் வெளியூர்க்காரர்கள்தான். கார் போன பின்னால் ஒரு சூடான காற்று வீசும் என்பதைக் கண்டுபிடித்த பெண்கள் மிளகாயையும் வடகத்தையும் கொண்டுவந்து ஓரத்தில் பரப்பினார்கள். மழைக்காலத்திலும் என் குழந்தைக்கு ஈரத்துணி கட்டவேண்டி வரவில்லை. அழுகிற பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய் நின்றால் தூரத்தில் சத்தம் கேட்டு, பக்கத்தில் வந்து, தூரத்தில் தேய்கிற அந்தத் தாலாட்டில் தூங்கிவிடும். சேவியர் பழைய கிடாரைத் தூசி தட்டி, மில்லிலிருந்து ஒயர் இழுத்து, கணுக்கணுவாக வீங்கின விரல்களால் வாசித்தார். கடந்து போகும்போது ஜெகதீசனின் விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போடுவதைப் பார்த்து, அந்தத் தாளத்தைப் பெண்கள் நாங்கள் பிடித்துக்கொண்டு, மாரியம்மன் நோம்பிக்கு ராக் பாட்டுக்குக் கும்மி அடித்தோம். பூசாரி முதலில் முகத்தைச் சுளித்தார். மூன்றாவது பாட்டுக்கு அவர் காலும் ஆடியது.

அவன் நிற்க மாட்டான் என்பதுதான் ஒரே சங்கடம். 

மாமா பெட்டியிலிருந்து கட்டம்போட்ட கொடியை எடுத்துக்கொண்டு போய்த் தோள் வலிக்க ஆட்டிப் பார்த்தார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு பந்தயத்துக்குக் கொடி ஒருக்காத்தான்" என்று மாமா அதை மடித்துக்கொண்டு வந்தார். சுலோச்சனாம்மா தூக்குப்போசியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு தினமும் மத்தியானம் போய் நின்றார். ஜெகதீசன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவான், அவ்வளவுதான். "இருபத்தாறு வயசுல ஆரு நிப்பாங்க கண்ணு?" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். "ஊட்டுக்கு வரோணும்னு தோண்றதுக்கே ஒரு வயசு வேணும்."

பொங்கியண்ணன்தான் கரும்பலகையைக் கொண்டுவந்தார். பந்தயத்தில் ஓட்டுகிறவனுக்குச் சேதி சொல்ல ஓரத்தில் நின்று தூக்கிப் பிடிக்கிற பலகை. ரெண்டு மூன்று வார்த்தைக்கு மேல் எழுதக் கூடாது, படிப்பதற்குள் கார் போய்விடும். அவர் முதலில், வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, 'உள்ளே வா' என்று எழுதினார். ஜெகதீசன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். முன்னால் போகிறவன் எதற்கு உள்ளே வருவான்? ஆனால் அவன் படிக்கிறான், பதில் சொல்கிறான் என்று தெரிந்துபோயிற்று. அதுதான் வினை.

மூன்று கிழவர்களுக்கும் நாற்பத்தைந்து வருடத்துச் சந்தேகங்கள் இருந்தன. 'வளைவில் எந்த கியர்?' என்று பொங்கியண்ணன் எழுதினார். அடுத்த சுற்றில் ஜெகதீசன் மூன்று விரலைக் காட்டினான். பொங்கியண்ணன் குதித்த குதியில் வேட்டி அவிழ்ந்தது. "மூணு! மூணு! நாலுன்னு சத்தியம் பண்ணுனியே சேவியரு, இப்ப எங்க மூஞ்சிய வெச்சுக்குவ?" அன்றைக்கு ஊருக்கே ஜிலேபி. மறுநாள் சேவியர் 'எங்கள் பாட்டு கேட்டதா?' என்று கேட்டு, கட்டைவிரல் பதிலாக வாங்கி, மத்தியானம் வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பந்தயத்துக்கு முந்தின நாள் குடித்தது மோரா பீரா, மழை வருடத்தில் டயரில் காற்று எவ்வளவு, கறுப்புக் காரைக் கண்ணாடியில் பார்த்தாயா இல்லையா. பலகை காய நேரமில்லாமல் எழுதி அழித்தார்கள். பெஞ்சில் உட்காருவதையே விட்டுவிட்டார்கள். மாமா நிமிர்ந்து நடந்தார், முட்டிவலிக்குத் தைலம் கேட்பதில்லை.

காரையே பார்த்துக்கொண்டு நின்ற சுலோச்சனாம்மா, ஒரு நாள் என் கையைப் பிடித்தார். "அம்மிணி, உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். அவன் மீசையப் பாரு."

பார்த்தேன். நரை விழுந்திருந்தது.

அடுத்த சுற்றில் மாமா காட்டிய கேள்விக்கு அவன் தலையாட்டினான். அதற்கடுத்த சுற்றில் அவன் நெற்றியில் முந்தின சுற்றில் இல்லாத கோடு ஒன்று இருந்தது. ஒரு பதில் சொன்னால் கொஞ்சம் வயசு ஏறும். போன வருடங்கள் எல்லாம் அந்த வளைவுக்குள் எங்கேயோ காத்திருந்து, அவன் வாய் திறக்காமல் விரலைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாக வந்து ஏறிக்கொண்டன. மூன்று கிழவர்களும் அதைப் பார்க்கவில்லை. அவர்கள் வாலிபத்தில் பார்த்த மாதிரியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்: சக்கரத்தை, டயர் தேய்கிற விதத்தை, வளைவில் வண்டி சாய்கிற சாய்வை. முகத்தை யாரும் பார்க்கவில்லை.

சுலோச்சனாம்மா நேராகப் போய் பொங்கியண்ணன் கையிலிருந்த பலகையைப் பிடுங்கினார்.

"ஏனுங், என்ற அண்ணன் என்ன உங்களுக்குத் தேங்கா மூடியா, சொரண்டிக்கிட்டே இருக்கறதுக்கு?"

"என்னம்மிணி இப்படிச் சொல்ற? ரெண்டு வார்த்த கேட்டோம்."

"ரெண்டு வார்த்தயா? பாருங்க. டயரப் பாக்காதீங்க, மேல பாருங்க."

கார் வந்தது. மூன்று பேரும் முகத்தைப் பார்த்தார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவனுக்கு ஐம்பது வயசிருக்கும். கிருதா வெளுத்து, கன்னம் தொங்கி, அவனுடைய அப்பாவின் ஜாடை வந்திருந்தது. கார் போய்விட்டது. சேவியர் கிடாரைத் தோளிலிருந்து கழற்றினார். பொங்கியண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சேவியர் மெதுவாகக் கேட்டார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் பாக்கி இருக்குதும்மா. கடைசி வளைவுல யாரு யார இடிச்சா? அது தெரியாம நான் செத்தா என் ஆத்துமா இந்த ரன்வேயிலதான் சுத்தும்."

"அப்ப சுத்துங்க" என்றார் சுலோச்சனாம்மா. "தொணைக்கு ஆளு இருக்குதுல்ல."

பொங்கியண்ணனுக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார். சேவியர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் யாரும் பலகை பக்கம் போகவில்லை. ஒரு வாரம் அவன் ஐம்பதிலேயே சுற்றினான். நிற்கிற சாடை மட்டும் இல்லை. சுலோச்சனாம்மா மில்லை மூடிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன யோசிக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் ஊரே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தது. வயசு ஏறினால் வீட்டுக்கு வரத் தோன்றும். ஆனால் கை தவறி ஒன்று கூடிப்போனால், வளைவுக்குள் போகிற வண்டியில் வெளியே வரும்போது ஆள் இருக்க மாட்டான். உப்புப் போடுகிற மாதிரிதான். குறைந்தால் போட்டுக்கொள்ளலாம், கூடினால் எடுக்க முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் குளித்து, தலையில் பூ வைத்துக்கொண்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊரே வந்து ஓரத்தில் நின்றது. பஸ்கூட அன்றைக்கு ஹாரன் அடிக்கவில்லை.

'அப்பா போயிட்டார்' என்று எழுதிப் பிடித்தார்.

கார் கடந்தது. வளைவுக்குள் போய் வெளியே வந்தபோது அவன் ஒரு கையை எடுத்துக் கண்ணில் வைத்திருந்தான். முடி இன்னும் வெளுத்திருந்தது.

'அம்மா தூக்கத்தில் போனாள்.' 'லேத்தை வித்துட்டோம்.' அவன் தலையாட்டினான். 'எனக்குக் கல்யாணமாச்சு' என்று எழுதியபோது அவன் சிரித்தான், பல் ஒன்று இல்லை. 'நல்ல மனுசன்' என்று எழுதி, ஒரு சுற்று விட்டு, 'அவரும் போயிட்டார்' என்று எழுதினார். சாக்பீஸ் ஒடிந்தது. சரசு ஓடிப்போய் வேறு எடுத்துவந்து கொடுத்தாள். 'பொண்ணு ஒண்ணு.' 'திருப்பூர்ல இருக்கா.' 'உன்ற மூக்கு அவளுக்கு.' ஒவ்வொரு பதிலுக்கும் அவன் தோள் கொஞ்சம் இறங்கியது, கழுத்து கொஞ்சம் வளைந்தது, கிடுகிடுவென்று தங்கையின் வயசை எட்டிப் பிடித்து, அதையும் தாண்டி, மறுபடியும் அவருக்கு அண்ணனானான். வண்டி மட்டும் அதே வேகம்.

"போதும், அம்மிணி" என்றார் மாமா. "கை நடுங்குது பாரு அவனுக்கு. இன்னொண்ணு தாங்க மாட்டான்."

"தெரியுதுங்."

அவர் பலகையை அழித்தார். வெகு நேரம் அழித்தார். பெரிய பெரிய சேதியெல்லாம் தீர்ந்துபோயிருந்தது, எழுத ஒன்றும் மிச்சமில்லை. வளைவில் சத்தம் கேட்டது. காலையிலிருந்து ஒரே இடத்தில் நின்று அவருக்குக் கால் வீங்கியிருந்தது, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எழுதினார்:

'நிக்க முடியலைண்ணா.'

கார் வந்தது. அவன் பலகையைப் படித்தான். அப்புறம் முதல் தடவையாகப் பலகையை விட்டுவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தான். கால், முழங்கால், நரைத்த தலை, அதில் வைத்திருந்த பூ. சத்தம் இறங்கியது. எங்களைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, கொஞ்சம் தள்ளிப் போய், மெல்ல மெல்லத் தேய்ந்து, வண்டி நின்றது. ஆடி மாதத்திலிருந்து அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு அழுதன.

வண்டியிலிருந்து ஜெகதீசய்யாவால் தானாக எழுந்திருக்க முடியவில்லை. பொங்கியண்ணனும் சேவியரும் ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்து இறக்கினார்கள். சுலோச்சனாம்மா நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அண்ணன் தங்கையைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "உக்காரு புள்ள. எதுக்கு இத்தன நேரம் நிக்கற?"

அதற்கப்புறம் ஜெகதீசய்யா தங்கை வீட்டில்தான் இருக்கிறார். காரைத் தொடுவதில்லை, அது பஞ்சாயத்து ஆபீஸ் பின்னால் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. காலையில் மில்லில் மூட்டை பிடித்துக் கொடுப்பார். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போனபோது பிறந்த வருடத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்த ஆபீசர், எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார். நாங்கள் துணியை மறுபடியும் வெயிலில் காயப்போடுகிறோம்.

சாயங்காலம் பெஞ்சில் இப்போது நாலு பேர். முதல் நாள் சேவியர் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார், அந்தக் கடைசி வளைவைப் பற்றி. 

"எனக்கெங்க தெரியும்?" என்றார் ஜெகதீசய்யா. "பந்தயத்தப் பாத்தது நீங்கதான? நான் ரோட்டத்தான பாத்தேன்."

ஓட்டியவனுக்கே தெரியாத ஒரு பந்தயத்தை நாற்பத்தைந்து வருடமாகத் தாங்கள் வைத்திருக்கிறோம் என்பது மூன்று பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. பிறகு பொங்கியண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டம், புழுதி, பச்சைக் காரில் ஒரு பையன் என்று ஆரம்பித்தார். ஜெகதீசய்யா முன்னால் சாய்ந்து, கையைக் காதுக்குக் கொடுத்து, வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். டேப்பில் பாட்டு ஓடி முடிந்து, மறுபக்கம் திருப்பிப் போட யாருக்கும் தோன்றவில்லை.

"அப்புறம்?" என்றார். "அந்தப் பையன் ஜெயிச்சானா?"

பொங்கியண்ணன் சேவியரைப் பார்த்தார். சேவியர் மாமாவைப் பார்த்தார்.

"அவசரப்படாத ஜெகா" என்றார் சேவியர். "இன்னும் நாலு சுத்து இருக்குது."